ஆபிரகாம் பண்டிதர்: வட்டத்தை மூட முயன்றவர்

பழனி மலைத்தொடருக்குக் கிழக்கே அமைந்த திண்டுக்கல்லுக்கு, ஆசிரியப் பயிற்சி பெறும் பொருட்டுத் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்த ஆபிரகாம் அவர். அங்கே ஆசிரியத் தொழிலோடு, சடையாண்டிப் பத்தரிடம் இசையும் பயின்றார். மூலிகை நாட்டம் அவரை அம்மலைகளுக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த சுருளிமலைக்கு ஈர்த்தது. ஆங்குக் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். பின்னாளில் எழுதிய பெருநூலுக்கும் அக்குருவின் பெயரையே சூட்டினார்.

தஞ்சையில் பெண்கள் பள்ளியொன்றில் அவர் தமிழாசிரியர். துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் அங்கேயே பணியாற்றினார். 1890இல் பள்ளியை விட்டு முழுநேர மருத்துவரானார். மருந்து பெரும்பொருள் ஈட்டித் தந்தது. அப்பொருளை அவர் ஒரு கணக்கிற்காகச் செலவிட்டார்.

ஒரு தானத்தில் சுருதிகள் எத்தனை? சாரங்கதேவர் வழியில் வந்த விடை 22. பண்டிதருக்கு அது பொருந்தவில்லை. சட்சமத்திலிருந்து பஞ்சமம், அப்பஞ்சமத்திற்குப் பஞ்சமம் எனப் பன்னிரண்டு முறை ஏறினால், தொடங்கிய சுரத்திலேயே வந்து முடிதல் வேண்டும். தந்தியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே சென்றால் ஒலி சற்று மிகுந்துவிடுகிறது; வட்டம் மூடுவதில்லை. ஆகவே சம அளவான 12 சுரங்கள், அவற்றைப் பாதியாக்கினால் 24 சுருதிகள் என்று முடிவு கண்டார். இதற்கு அவர் காட்டிய சான்று சிலப்பதிகாரமும் அதன் உரையும். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24 எனக் கண்டார். உ.வே.சா. பதிப்பு 1892இல் வெளிவந்திராவிடில் இவ்வாராய்ச்சி எங்ஙனம் நிகழ்ந்திருக்கும்! காப்பியமாக மட்டுமே நாம் பயிலும் அரங்கேற்று காதையை, நரம்பு கட்டும் கணக்காக அவர் பயின்றார்.

1912இல் தஞ்சைச் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே மாநாடுகள் கூட்டினார். மாறுபட்ட கருத்துடைய வித்துவான்களையும் அழைத்தார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை எடுத்துரைக்க, புதல்வியர் வீணையில் இசைத்து அதனை மெய்ப்பித்துக் காட்டினர். ஆயினும் இருபத்துநான்கை அறிஞருலகம் ஒருமனதாக ஏற்கவில்லை. வட்டத்தை மூடுவதற்காகப் பஞ்சமத்தின் இயற்கை அளவைச் சிறிதே குறைக்க வேண்டியிருந்தது. செவி அதற்கு இணங்குமா என்னும் வினா எஞ்சியது. அவ்வினா நியாயமானதே. எண் நிலைபெறாவிடினும், பழந்தமிழ்ப் பாலைகளை இசைக்கணக்காகப் படிக்கும் நெறியை அவர் வலுவாகத் தொடங்கி வைத்தார். 1947இல் வெளிவந்த விபுலானந்தரின் யாழ் நூலும் அந்நெறியில் பிறந்ததே.

ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1919 ஆகஸ்டு 31இல், பண்டிதர் மறைந்தார். எஞ்சிய பகுதி இரண்டாம் புத்தகமாக 1946இல்தான் அச்சேறியது.