தோட்டத்தைப் பள்ளியாக்கிய மார்கரெட்

ஸ்ட்ரெதமில் எங்கட வீடு மூன்றாம் மாடி பிளாட். நாலு வயது மகள் ஸ்ட்ரெதம் கொமனுக்குப் போகக் கேட்டால், குளிருது, உடுப்பு ஊத்தையாகும் என்று சாட்டுச் சொல்லி டேப்லெட்டைக் கையில குடுத்துவிடுவேன். அந்தப் பழக்கத்தை விட வைத்தது 1931இல் இறந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கை. அவர் பெயர் மார்கரெட் மக்மில்லன்.

அவரும் ஒருவகையில் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தான். ஸ்கொட்லாந்துப் பெற்றோருக்கு 1860இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். 1865இல் தகப்பனும் குட்டித் தங்கையும் இறக்க, தாய் மற்ற இரண்டு பெண்பிள்ளைகளோடு இன்வர்னஸ் திரும்பினார். காய்ச்சல் வந்து மார்கரெட்டுக்குச் சில வருடம் காதும் கேட்கவில்லை.

1893இல் அக்கா ரேச்சலோடு பிராட்போர்ட் போனார். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் பசியோடும் அழுக்கோடும் வகுப்பில் இருப்பதைக் கண்டார். அடுத்த வருடமே பள்ளிச் சபைக்குத் தெரிவாகி, குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் போராடினார். அவரைப் போன்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் 1906இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது.

பிறகு எங்கட தென் லண்டன். 1910இல் டெப்ட்போர்டில் சகோதரிகள் பிள்ளைகளுக்கு மருத்துவ நிலையம் திறந்தார்கள். சுகமாகிப் போன பிள்ளை அதே நோயோடு திரும்பி வந்தது. காரணம், நெரிசலான, காற்றோட்டமில்லாத அறைகள். மருந்து மட்டும் போதாது என்று விளங்கியது. 1911இல் பெண்பிள்ளைகள் திறந்த வெளியில் படுக்க முகாம் போட்டார்கள். 1914இல் திறந்தவெளி நர்சரி வந்தது.

அங்கே தோட்டம்தான் பள்ளி. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் கொட்டகைகள், மரங்கள், மரக்கறிப் பாத்திகள். கல், தகரம், பழைய பானை குவிந்த ஒரு குப்பைமேடுகூட விளையாட இருந்தது. விலை கூடின பொம்மை தேவைப்படவில்லை.

1917இல் ரேச்சல் இறந்தார். மார்கரெட் உடைந்துபோனாலும் நர்சரியை விடவில்லை. அக்காவின் பெயரையே அதற்கு வைத்தார். 1930இல் அதே பெயரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் திறந்தது. மறு வருடம் அவரும் போய்விட்டார்.

அந்தக் குப்பைமேட்டை நினைக்கும்போது ஊர் முற்றம்தான் ஞாபகம் வருது. சிரட்டையில மண்சோறு ஆக்கித்தானே நாங்களும் வளர்ந்தோம்? பிள்ளைக்கு வீடு வாங்க ஓடி ஓடி உழைக்கிற நாங்கள், முற்றத்தை மறந்துவிட்டோம்.

இப்போ வீட்டு மூலையில பழைய சட்டி, அகப்பை, காட்போட் பெட்டி. வாசலில மழைக்கோட்டும் பூட்ஸும். தூறினாலும் கொமனுக்குப் போறம். உடுப்பு ஊத்தையாகுது, தோய்க்கலாம்.