இராபர்ட்டோ தெ நோபிலி

இராபர்ட்டோ தெ நோபிலி (1577 – சனவரி 16, 1656) இத்தாலி நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஆவார். தமிழகத்தில் தத்துவ போதகர் என்னும் பெயரால் அறியப்பட்டார். கிறித்தவ இறையியலைத் தமிழ் உரைநடையில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். கடவுள் ஒருவரே எனினும் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்குகிறார் என்னும் திரித்துவக் கோட்பாட்டைத் தம் மார்பில் அணிந்த நூலிலேயே இவர் காட்டினார். அந்த நூலே பின்னர் இவர் மீது குற்றச்சாட்டாகத் திரும்பியது.

மதுரை வருகை

உயர்குடியில் பிறந்த நோபிலி 1605ஆம் ஆண்டு கோவாவுக்கும், 1606ஆம் ஆண்டு இறுதியில் மதுரைக்கும் வந்தார். அங்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பவர் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவர்களுக்கே குருவாக இருந்தார். கிறித்தவராவது என்பது பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மதுரை மக்கள் புரிந்து கொண்டிருந்தனர். மாட்டிறைச்சியும் மதுவும் பரங்கியரின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, சந்நியாசியாக வாழத் தொடங்கினார். தமிழோடு வடமொழியும் தெலுங்கும் கற்றார். வடமொழியைக் கற்பித்த சிவதருமர் பின்னர் திருமுழுக்குப் பெற்றார்.

சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கம் மட்டுமே எனக் கொண்டு, அதனுடன் இவர் ஒத்துப்போனது இன்றளவும் கண்டிக்கப்படுகிறது. அக்கண்டனம் நியாயமானதே.

பூணூலும் திரித்துவமும்

நோபிலி அணிந்த பூணூலில் ஐந்து இழைகள் இருந்தன. மூன்று பொன்னிற இழைகள் திரித்துவத்தையும், இரண்டு வெள்ளி இழைகள் கிறித்துவின் உடலையும் ஆன்மாவையும் குறித்தன. நூலில் ஒரு சிலுவையும் தொங்கியது.

திரித்துவத்தைக் கணக்காகப் பார்ப்பவர், ஒன்றும் மூன்றும் எங்ஙனம் சமமாகும் எனத் திகைப்பர். கோட்பாடு கூறுவது அதுவன்று. இறைத்தன்மை ஒன்று, அதில் ஆட்கள் மூவர். மூன்று கடவுளர் என்பதும், ஒருவரே பூணும் மூன்று வேடங்கள் என்பதும் இதனால் மறுக்கப்படுகின்றன. நிசேயா (325), கான்ஸ்டாண்டிநோபிள் (381) சங்கங்களில் இது வரையறுக்கப்பட்டது. கத்தோலிக்கர், மரபுவழித் திருச்சபையினர், தென்னிந்தியத் திருச்சபை உள்ளிட்ட பெரும்பான்மைச் சீர்திருத்த சபையினர் இதனை ஏற்கின்றனர். யெகோவாவின் சாட்சிகளும் ஒருமைவாத சபையினரும் ஏற்பதில்லை.

தமிழகத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. மூவர் என்றதும் கேட்போர் மனத்தில் மும்மூர்த்திகளே தோன்றுவர். ஆனால் அங்கு படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழில்கள் பிரிந்துள்ளன. திரித்துவத்தில் தொழிலால் பிரிவில்லை. மறுபுறம், இஸ்பிரீத்து சாந்து போன்ற போர்த்துக்கீசிய ஒலிபெயர்ப்புகள் கேட்போருக்கு எப்பொருளும் தரவில்லை. ஆகவே நோபிலி கடவுளைச் சர்வேசுரன் என்றழைத்து, வேதம், குரு, பூசை முதலிய உள்ளூர்ச் சொற்களைக் கையாண்டார். ஆயினும் இஸ்பிரீத்து சாந்து என்ற வழக்கு கத்தோலிக்கச் செபங்களில் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

நோபிலி புறச்சமயச் சடங்குகளைக் கிறித்தவத்தில் கலக்கிறார் என்று பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன குறித்து 1619இல் கோவாவில் நடந்த கூட்டத்தில் பேராயர் உட்படப் பலர் இவரை எதிர்த்தனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆதரித்தார். இறுதியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று இவ்வழக்கங்களுக்கு அனுமதி அளித்தார். புதிய நூலைக் கத்தோலிக்கக் குருவிடமே பெற வேண்டும், பழைய நூலை எரித்துவிட வேண்டும் என்பன அதிலிருந்த நிபந்தனைகளுள் சில.

சேலம் பயணம்

அதே ஆண்டில் நோபிலி மதுரையை விட்டு வடக்கே சென்றார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் இவரை வரவேற்றார். ஏற்காடு, தலைச்சோலை முதலிய ஊர்கள் அமைந்த சேர்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள சேலத்திலோ தொடக்கத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை, நோயும் வாட்டியது. பின்னர், ஆட்சியுரிமை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் இவருடைய சீடரானார். இவர் சேலத்தை ஆண்டவரின் தமையன் ஆவார். மலைமேல் ஏற்காட்டில் திரித்துவத்தின் பெயரால் ஆங்கிலேயர் ஆலயம் எழுப்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

படைப்புகளும் இறுதிக்காலமும்

ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம், நித்திய ஜீவன சல்லாபம் ஆகியன இவருடைய நூல்களுள் சில. வடசொல் மிகுந்த இவரது நடை இன்றைய மாணவருக்குக் கடினமானது.

1640இல் மதுரையில் சிறை வைக்கப்பட்டார். பார்வை மங்கிய முதுமையில் யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். மயிலாப்பூரில் ஏறத்தாழப் பார்வை முழுவதும் இழந்த நிலையிலும், பிறர் எழுதச் சொல்லித் தம் நூல்களைத் திருத்தி வந்தார். அங்கேயே 1656இல் காலமானார்.