பேரறிஞர் பால் எர்லிக்

பிரஷ்ய அரசுக்குட்பட்ட சைலீஷியா நாட்டில், ஷ்ட்ரேலன் என்னும் சிற்றூரிலே, யூத குலத்தில் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள் பால் எர்லிக் பிறந்தார். மேகநோய்க்கு 1910-இல் சல்வர்ஸான் என்னும் மருந்தளித்தமை பற்றி உலகம் இவரைப் போற்றும். நாம் ஈண்டுக் கூறப்புகுவதோ, இவர் மாணவராயிருந்தபோதே கண்டறிந்த பிறிதொன்றாம்.

உறவினராகிய கார்ல் வைகெர்ட் என்பார், நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் சாயங்களை உடலின் மெல்லிய துண்டங்களில் தோய்த்து, பூதக் கண்ணாடியில் நோக்கும் முறையை இவருக்குக் காட்டினார். அன்று தொட்டு எர்லிக்குக்குச் சாயப்பித்துத் தலைக்கேறியது. வகுப்புப் பாடங்களில் மனம் பற்றவில்லை. ஒரு சாயம் உடலின் ஒரு பகுதியைப் பற்றி மற்றொன்றை விடுவானேன்? இவ்வொரு வினாவே அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது எனலாம்.

1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த பட்டநூலில், குறுமணிகள் நிறைந்த ஓர் உயிரணுவை அவர் விவரித்தார். அம்மணிகளில் பட்ட சாயம் தன் நிறமே மாறித் தோன்றும். இரத்தக் குழாய்களை அடுத்தும், நாட்பட்ட வீக்கங்களிலும், கழலைகளிலும் அவ்வணு மிகக் காணப்பட்டது. ஆதலின் அது நன்றாய் உண்டு கொழுத்ததென்று கருதி, ஜெர்மானியர் கொழுக்க ஊட்டுதலுக்கு வழங்கும் சொல்லால் மாஸ்ட் அணு எனப் பெயரிட்டார். கருத்து பிழையே, ஆயினும் பெயரைக் கேட்டு நாம் நகைத்தல் வேண்டா, கண்ட இடம் பிழையன்று.

பின்னர்க் காசநோயுற்று எகிப்து சென்று மீண்டதும், 1908-இல் மெச்னிக்காவுடன் நோபெல் பரிசு பெற்றதும் பலரும் அறிவர். பிராங்க்பர்ட்டில் அவர் புற்றுநோயையும் ஆராய்ந்தார். சுண்டெலியின் கழலையை வேற்றினப் பெரிய எலியில் பதித்தால், சில நாள் வளர்ந்து பின் அழியும். அழியுமுன் மீண்டும் சுண்டெலிக்கே மாற்றினால் தழைக்கும். தனக்குரிய உணவு கிட்டாமையே காரணமென அவர் துணிந்தார். கழலையும் பசித்திருக்கும் என்னும் இவ்வெண்ணம் நம்மை வியப்பிலாழ்த்துகின்றது. 1915 ஆகஸ்டு 20-இல் அவர் காலமானார். நாஜியர் ஆட்சியில் பிராங்க்பர்ட் நகரத் தெருவொன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஹிஸ்டமின் என்னும் பொருள் 1907-இலேயே ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. அது சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்யும், அவற்றின் சுவர் வழியே நீர் கசியவும் செய்யும். எர்லிக் கண்ட மணிகளே உடலில் அதன் களஞ்சியம் என்பதை ரைலி, வெஸ்ட் என்னும் இருவர் 1953-இல் காட்டினர். கழலை இரண்டொரு மில்லிமீட்டருக்கு மேல் வளரவேண்டின் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டுமென்று போக்மன் 1971-இல் உரைத்தார். அவர் குழுவினர் 1976-இல் கோழிக் கருவில் கழலையைப் பதித்து நோக்கியபோது, புதுக் குழாய்கள் தோன்றுமுன்பே மாஸ்ட் அணுக்கள் அங்கே திரண்டன. ஹிஸ்டமின் தன் ஏற்பிகளுள் ஒன்றைப் பற்றி, குழாய் வளர்க்கும் புரதத்தைச் சில திசுக்களில் மிகுவிக்கின்றது என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஏற்பி என்னும் கருத்தை வகுத்தோருள்ளும் எர்லிக் ஒருவர். சாயம் இடந்தேர்ந்து பற்றுதலைக் கண்டவர்க்கு அது தோன்றியது இயல்பே.

எனினும், ஹிஸ்டமினைப் பகையென்றே முடிவு கட்டுதல் இயலாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், அதனை ஆக்க இயலாத சுண்டெலிகளிடத்துக் குடற்புற்றும் தோற்புற்றும் குறையாது மிகுந்தன.