மயில் தோகையும் மாமன் மகளும்

ஆண் மயிலுக்குத் தோகை எதற்கு? சிறு குழந்தையும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆயினும் உலகப் பேரறிஞர் ஒருவரைப் பல்லாண்டுகள் வாட்டிய கேள்வி அது. அவர்தாம் சார்லஸ் டார்வின். சூழலுக்குப் பொருந்துவன நிலைக்கும், பொருந்தாதன மறையும் என்னும் இயற்கைத் தேர்வுக் கொள்கையை 1859-இல் நூலாக வெளியிட்டவர். அக்கொள்கைப்படி பார்த்தால் தோகை ஒரு பெருஞ்சுமை. ஓட்டத்துக்கு இடையூறு; பறப்பதற்குப் பாரம்; பகை விலங்கின் கண்ணுக்கு அடையாளம். போதாக்குறைக்கு ஆண்டுதோறும் உதிர்ந்து, ஆண்டுதோறும் புதிதாக வளரவும் வேண்டும். இப்படிப்பட்டது எவ்வாறு நிலைத்தது? மயிலிறகைக் கண்டாலே தமக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் நண்பர் ஆசா கிரேக்கு அவர் எழுதினார்.

விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர் வாழ்க்கையை நம் சங்க மலரில் சொல்ல விழைகிறேன். காரணம் உண்டு. ஆண் என்றால் அலைபவன், பல பெண்களை நாடுவதே அவன் இயல்பு, பரிணாமமே அப்படிச் சொல்கிறது என்று விடுதி அறைகளிலும் கைபேசித் திரைகளிலும் இன்று அடிக்கடி கேட்கிறோம். பரிணாமத்தை ஆராய்ந்தவர் என்ன கண்டார், எவ்வாறு வாழ்ந்தார் என்று அறிந்துகொண்டு பேசுதல் நலம் அன்றோ?

டார்வின் 1809 பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், இடையில் விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். இளமையில் ஃபானி ஓவன் என்னும் பெண்ணிடம் அவர் மனம் சென்றது. 1831 டிசம்பர் 27-இல் பீகிள் கப்பலில் உலகப் பயணம் புறப்பட்டார். சில மாதங்களுக்குள், கடல் கடந்து வந்த கடிதம் ஒன்று அப்பெண்ணுக்கு வேறொருவருடன் மணம் உறுதியாயிற்று என்று தெரிவித்தது. ஊரில் இருந்தவன் வென்றான், கப்பலேறியவன் தோற்றான். பயணத்தை அவர் விடவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1836-இல், பெட்டி பெட்டியாகப் பாறையும் எலும்பும் பறவைத் தோலும் கொண்டு தாயகம் மீண்டார்.

1838-இல் அவர் செய்த ஒரு செயல் வேடிக்கையானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்து இந்நகரின் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் என் தந்தையார் பற்று வரவு எழுதுவதுபோல, டார்வின் ஒரு தாளை எடுத்து, மணம் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இரு பத்தியாக எழுதினார். ஒரு பக்கம் பிள்ளைகள், முதுமைத் துணை, இல்லத்தின் இன்பம். மறு பக்கம் விரும்பிய இடம் செல்லும் விடுதலை, புத்தகம் வாங்கப் பணம், உறவினர் வீடுகளுக்கு நடக்க வேண்டாத நிம்மதி. துணைக்கு நாயைவிட மனைவி மேல் என்றும் குறித்தார்! கூட்டிக் கழித்துப் பார்த்து, மணமே நன்று என்று முடிவு செய்தார்.

பெண் யார்? எம்மா வெட்ஜ்வுட். டார்வினுடைய தாயின் உடன்பிறந்தார் மகள். நம் வழக்கில் சொன்னால் சொந்த மாமன் மகள். அவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர். இதற்கு முன்பே 1837-இல் டார்வினுடைய அக்காள் கரோலின் எம்மாவின் அண்ணனை மணந்திருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்! எழுதிய கணக்கில் இல்லாத ஒன்று, எம்மாவின் சம்மதம். நேரில் கேட்டபோது மறுத்துவிடுவாரோ என்று டார்வின் அஞ்சினார். எம்மா இசைந்தார். 1839 ஜனவரி 29-இல் மணம் நடந்தது.

1842-இல் இருவரும் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினர். தீராத நோயாளியான டார்வினுக்கு எம்மாவே செவிலி. அங்கே 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் அவர் கொட்டலசுகளை ஆராய்ந்தார். கோவளத்துப் பாறைகளிலும் படகுகளின் அடியிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் அவை. பெரும்பாலானவற்றில் ஒரே உடலில் ஆணும் பெண்ணும் உண்டு. சில இனங்களில் மட்டும், பெரிய பெண் உயிரின் உடலிலேயே ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுதும் கழிக்கும் கடுகளவு ஆண்களைக் கண்டார். தோகை விரித்து ஆடும் மயிலும் ஆண். ஒரே பெண்ணிடம் ஒட்டிக் கிடக்கும் இந்தக் கடுகும் ஆண். ஆணின் இயல்பு என்று ஒன்றையே எப்படிச் சுட்டுவது?

1871-இல் மனிதனின் தோற்றமும் பால்வழித் தேர்வும் பற்றிய நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். தோகைக் கேள்விக்கு விடை அதில் விரிவாக இருந்தது. பெண்ணைப் பெற ஆண்கள் இரு வழிகளில் போட்டியிடுகின்றன. ஒன்று, கொம்பும் பல்லும் கொண்டு தம்முள் பொருதல். மற்றொன்று, நிறமும் பாட்டும் ஆட்டமும் காட்டிப் பெண்ணை மகிழ்வித்தல். பெட்டை மயில்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்ததால் தோகை வளர்ந்தது என்றார். நம் நாட்டுப் பறவைகளும் அந்நூலில் உண்டு. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டனின் குறிப்புகளைக் கொண்டு, காடை போன்ற டர்னிக்ஸ் என்னும் பறவையைக் காட்டினார். அதில் பெண்ணே பெரியது, பெண்களே சண்டையிடும், ஆண் அடைகாக்கும்.

பெட்டைக்குத் தேரும் அறிவு உண்டு என்பதை அக்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வை அவரோடு சேர்ந்து கண்ட வாலஸும் மறுத்தார். டார்வின் அசையவில்லை. ஆனால் மனிதரைப் பற்றி எழுதுமிடத்தில் அவரும் தம் காலத்தின் பிள்ளையே. அறிவாற்றலில் ஆணே மேம்பட்டவன் என்று எழுதினார், அது பிழை. அதே நூலில் ஓர் உண்மையையும் தொட்டார்: ஆண் பெண்ணை அடிமைநிலையில் வைத்ததனால்தான் தேரும் உரிமை அவன் கைக்கு வந்தது என்றார்.

பின்வந்தோர் இதை மேலும் ஆராய்ந்தனர். பிள்ளைக்காக எந்தப் பால் மிகுதியாகப் பாடுபடுகிறதோ, அது கூர்ந்து தேரும். மற்றது போட்டியிடும் என்று டிரிவர்ஸ் 1972-இல் விளக்கினார். தோகையில் கண்கள் மிகுந்த மயில்களைப் பெட்டைகள் மிகுதியாக விரும்பின என்று 1991-இல் இங்கிலாந்தில் கண்டனர். ஜப்பானில் ஏழாண்டுகள் பார்த்தவர்களுக்கு 2008-இல் அது புலப்படவில்லை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

மனிதரிடம் வழக்கமும் சட்டமும் குறுக்கிடுகின்றன. நாம் வாழும் இவ்வூரையே பாருங்கள். திருவிதாங்கூரில் அரியணை அரசரின் சகோதரி மகனுக்கே சென்றது. மருமக்கள் வழி இல்லங்களில் ஆண்மகன் சகோதரியின் பிள்ளைகளைப் பேணினான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் அம்முறை இருந்தது. அதன் அல்லல்களைத்தான் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் எள்ளி நகையாடினார். கேரளச் சட்டம் ஒன்று 1976-இல் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கியது. இன்று அவ்வீடுகளின் பேரர்கள் தம் சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். மூன்று நான்கு தலைமுறைக்குள் ஆணின் கடமை மாறிற்று. அதற்குள் அவன் உடலியல்பு மாறிவிடவில்லை.

டார்வினுடைய இல்லத்திற்கு மீள்வோம். பத்துப் பிள்ளைகளுள் மூவர் இளமையிலேயே இறந்தனர். செல்ல மகள் ஆனி 1851-இல் பத்து வயதில் மறைந்தபோது அவர் கட்டிலருகே இருந்து பணிவிடை செய்தார். மாமன் மகளை மணந்ததே பிள்ளைகளின் மெலிவுக்குக் காரணமோ என்ற ஐயம் அவரை விடவில்லை. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் உறவுத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்கச் செய்ய முயன்றார், நாடாளுமன்றம் மறுத்தது. பதினொரு ஆண்டுகள் செடிகளில் சோதனை செய்து, அயல் மகரந்தம் பெற்றவையே பொதுவாக வலிமையுற்றன என்று 1876-இல் நூல் எழுதினார். இன்று கணக்குத் தெளிவு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்து பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வர 16-இல் 1 பங்கு வாய்ப்பு. அக்காள் மகளை மணந்தால் 8-இல் 1. மறைந்து கிடக்கும் குறை வெளிப்படும் வாய்ப்பும் அதற்கேற்ப மிகும்.

எனக்கு வயது இருபத்து மூன்று. எங்கள் வீட்டிலும் மாமன் மகள் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. பொருத்தம் பார்த்தார்கள், நகைக் கணக்கும் பேசினார்கள். பெண்ணைக் கேட்டவர் இல்லை. மரபணுக் கணக்கை வீட்டில் சொல்லிவிட்டேன். அதனினும் முன்னதாக அவள் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றும், அவள் மறுத்தால் பேச்சு அத்தோடு நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். வீட்டார்க்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

1882 ஏப்ரல் 18-இல் லண்டன் விலங்கியல் கழகத்தில் டார்வினுடைய சிறு முன்னுரையோடு ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. தெரு நாய்களின் இனம் பால்வழித் தேர்வால் மாறியது பற்றியது அது. எதிர்ப்புகளையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னும் அத்தேர்வில் தம் நம்பிக்கை குன்றவில்லை என்று அதில் அவர் உரைத்திருந்தார். மறுநாள் எம்மாவின் அருகே அவர் உயிர் பிரிந்தது. பெண்ணுக்குத் தேரும் ஆற்றல் உண்டு என்பதை இறுதி நாள்வரை விட்டுக்கொடாத அறிஞர் அவர். நண்பர்களே, அவர் பெயரால் ஆணின் இயல்பைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசுவார்களாக!