பேராசிரியர் இயன் டொனால்டு

காவிரி பாயும் தஞ்சை நாட்டிலே, நடவு வயலில் நிற்கும் இளம்பெண் ஒருத்தி திடீரென அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு வரப்பிற் சாய்கின்றாள் என வைத்துக்கொள்வோம். மாதவிலக்குத் தள்ளிச் சில வாரங்களே ஆயின. வீட்டார் சூட்டு வலியென்று கஷாயம் காய்ச்சுவர். உள்ளேயோ, கருப்பையைச் சேரவேண்டிய கரு குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துக் குருதி பெருகிக்கொண்டிருக்கும். விரைவில் அறியாவிடில் உயிர் போய்விடும். இப்புறக் கர்ப்பத்தை உடலைக் கீறாமற் கண்டறிய வழிகோலிய சான்றோர் ஒருவரின் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இயன் டொனால்டு 1910ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மருத்துவர் குடும்பத்திற் பிறந்தார். தென்னாப்பிரிக்காவிற் பயின்று, இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவப் பள்ளியில் 1937இல் தேறினார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை மருத்துவராயிருந்தபோது, எரியும் விமானத்தினின்று வீரரை மீட்டு விருது பெற்றார். எதிரொலியால் மறைபொருளைக் காணும் போர்க்கருவிகளைப் பற்றியும் அக்காலத்தே அறிந்தார்.

1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத்துறைப் பேராசிரியரானார். அருகிலுள்ள ரென்ஃப்ரூவில் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றிருந்தது. உலோகத்துள் மறைந்த விரிசலை, செவிக்கெட்டாத மீயொலியைச் செலுத்தி அங்கே சோதிப்பர். 1955 ஜூலையில் டொனால்டு, அறுவையில் எடுத்த கட்டிகளை இரு மோட்டார் வண்டிகளில் ஏற்றிச் சென்று அக்கருவியாற் சோதித்தார். திண்ணிய கட்டியின் எதிரொலி வேறு, நீர்க்கட்டியின் எதிரொலி வேறு எனத் தெளிந்தார்.

பொறியியலார் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மக்விகாரும் துணைநின்றனர். நகைத்தோரும் இருந்தனர். அந்நாளில், வயிறு வீங்கிய பெண்மணி ஒருவரைத் தீராப் புற்றுநோயினர் எனப் பிறர் கருதினர். அது சினைப்பை நீர்க்கட்டியே எனக் கருவி காட்டிற்று. அறுவையால் அவர் பிழைத்தார். நகைப்பு அடங்கிற்று. 1958இல் மூவரும் தம் ஆராய்ச்சியை லான்செட் இதழில் வெளியிட்டனர். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பின் அதனூடே இளங்கருவும் தெரியுமென 1963இல் டொனால்டு கண்டார்.

இன்று ஸ்கேன் எனப்படுவது அக்கருவியின் வழித்தோன்றலே. கருவுற்றமை சோதனையில் உறுதியாகியும் கருப்பை வெறிதாயிருப்பின் மருத்துவர் ஐயுறுவர். எனினும் மிக இளைய கரு உரிய இடத்திலிருந்தும் தெரியாதிருத்தல் கூடும். ஆதலின் இரு நாள் கழித்துக் குருதியை மீண்டும் சோதித்து, ஸ்கேனும் திரும்ப எடுப்பர். கருப்பைக்குப் புறத்தே கருவின் துடிப்புத் தென்படின் ஐயம் நீங்கும். வெடிக்குமுன் அறியப்பெறின் சிலருக்கு மருந்தே போதும், கத்தி வேண்டா.

இருதய நோயால் பலமுறை அறுவைக்கு உள்ளாகியும் தளராதுழைத்த டொனால்டு 1987 ஜூன் 19இல் மறைந்தார். அவர் கண்ட கருவி இன்று தஞ்சையிலும் உண்டு. ஆனால் அதனிடம் உரிய வேளையிற் சென்றாலன்றோ பயன்! நம் வீட்டுப் பெண்டிர் வலியென்று சொல்லுங்கால் சூடென்று தள்ளாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.