கண்ணாடிக்குப் பொய் சொல்லாத ஓவியர்

ஆண்பிள்ளை அழக்கூடாது என்பார்கள். அடிபட்டாலும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பார்கள். ஆனால் தன் துயரத்தையும் தளர்ச்சியையும் தன் கையாலேயே படமாகத் தீட்டி உலகத்துக்குக் காட்டினார் ஒருவர். அவர்தான் ரெம்பிராண்ட்.

ஹாலந்து நாட்டில் லெய்டன் என்ற ஊரில் 1606-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் காற்றாலை வைத்துத் தானியம் அரைப்பவர்.

கூலி கேட்காத ஆள்

இளம் வயதிலேயே ரெம்பிராண்ட் ஓவியத்தில் இறங்கினார். படத்துக்கு மாதிரியாக உட்காரும் ஆளுக்குக் கூலி கொடுக்கவேண்டும். கண்ணாடியில் தெரியும் ஆளுக்குக் கொடுக்க வேண்டியதில்லையே! கண்ணாடி முன் நின்று சிரித்தார், முறைத்தார், திடுக்கிட்டு விழித்தார். 1630-ல் அவற்றைச் செப்புத் தகட்டில் கீறி, படங்களாக அச்சிட்டார்.

ராஜ தோரணை

பிறகு ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். பேரும் பணமும் குவிந்தன. 1634-ல் சாஸ்கியா என்ற பெண்ணை மணந்தார். 1639-ல் 13 ஆயிரம் கில்டர் விலை பேசி, பெரிய வீடு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். மறு ஆண்டு தீட்டிய படத்தில் வெல்வெட் தொப்பியும் விலை உயர்ந்த உடையுமாக நிமிர்ந்து பார்க்கிறார். அப்போது வயது 34.

அடிமேல் அடி

ஆனால் வீட்டுக்குள்ளே துயரம் இருந்தது. முதல் மூன்று குழந்தைகளும் பச்சைக் குழந்தைகளாகவே இறந்துவிட்டன. 1641-ல் பிறந்த டைட்டஸ்தான் பிழைத்தான். மறு ஆண்டே சாஸ்கியா கண்ணை மூடினாள். அவளுக்கு வயது 29.

கடன் கழுத்தை நெரித்தது. 1656-ல் அவர் திவாலானார். வீடும் பொருள்களும் ஏலத்தில் போயின. 1658-ல் கையில் கோலுடன், அரசனைப் போல அமர்ந்திருக்கும் தன் படத்தைத் தீட்டினார். உடையில் மிடுக்கு இருக்கிறது. கண்களிலோ களைப்பு!

அவருடைய துணையாக வாழ்ந்த ஹென்ட்ரிக்யாவும் மகன் டைட்டசும் சேர்ந்து ஓவிய வியாபாரம் தொடங்கி அவரைத் தாங்கினார்கள். 1663-ல் அவள் இறந்தாள். 1668-ல், 26 வயதில் மகனும் போய்விட்டான்.

கடைசி ஆண்டு

1669. கிழவருக்கு வயது 63. மறுபடியும் கண்ணாடி முன் உட்கார்ந்தார். தொங்கிய கன்னம், சுருங்கிய நெற்றி, நரைத்த முடி. எதையும் மறைக்கவில்லை. முதலில் கையில் தூரிகை இருப்பதுபோல் தீட்டியிருந்தார் என்று எக்ஸ்ரே ஆராய்ச்சி காட்டுகிறது. பிறகு அதை அழித்துவிட்டு, கைகளைக் கோத்தபடி வைத்தார். இந்தப் படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ரெம்பிராண்ட் காலமானார். பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தன்னையே தீட்டிய வண்ணப் படங்கள் சுமார் 40. அவற்றை வரிசையாகப் பார்ப்பவர் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் பார்த்துவிடலாம். வெல்வெட் தொப்பி அணிந்த வாலிபனை எல்லோரும் வியக்கிறார்கள். கைகோத்து உட்கார்ந்த கிழவர் முன்னேதான் வெகுநேரம் நின்றுவிடுகிறார்கள்.