ஹெலிகாப்டர் கனவும் ஒரு ஸ்கூட்டரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு சங்கத்தில் கேட்டதும் எனக்கு நினைவு வந்தவர் கொராதினோ தஸ்கானியோ. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் போட்ட வடிவத்தில் வந்த வண்டியில்தான் நம்மில் பலர் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனோம். வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த எஞ்சினியர் அவர்.

1891-ல் இத்தாலியின் போப்பொலி என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே பறக்கும் பைத்தியம். 1914-ல் தூரின் பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் முடித்தார். ஹெலிகாப்டர் செய்வதுதான் லட்சியம். 1930 அக்டோபரில் ரோமுக்கு அருகே சியாம்பினோவில் அவருடைய மூன்றாவது ஹெலிகாப்டர் 8 நிமிடம் 45 விநாடி பறந்தது. உயரம் 18 மீட்டர், தூரம் 1078 மீட்டர். அன்றைக்கு இவை மூன்றுமே உலக சாதனை! ஆனாலும் வாங்க ஆளில்லை. கம்பெனியை மூடிவிட்டு, 1932-ல் பியாஜியோவில் விமானப் புரொப்பெல்லர் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பியாஜியோவின் பொந்ததேரா தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமானது. முதலாளி என்ரிகோ பியாஜியோ, சாமானிய ஜனங்கள் வாங்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்றார். முதலில் செய்த மாடல் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை தஸ்கானியோவிடம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மோட்டார் சைக்கிளே ஆகாது!

ஆகாததற்கான காரணங்களையே அவர் டிசைன் ஆக்கினார். செயின் துணியை அழுக்காக்குகிறதா? எஞ்சினைப் பின்சக்கரத்தோடு சேர்த்துச் செயினையே எடுத்துவிட்டார். காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமமா? நடுவில் காலியிடம் விட்டார். பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடா? விமானத்தின் சக்கரம்போல முன்சக்கரத்தை ஒரே பக்கம் பிடிக்க வைத்தார். நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். கியர் ஹேண்டில்பாரில். விமானம்போலவே தகட்டு உடம்பே சட்டம்.

1946 ஏப்ரலில் காப்புரிமை பதிவானது. பத்தே வருஷத்தில் பத்து லட்சம் வண்டி. இந்தியாவில் பஜாஜ் கம்பெனி 1971 வரை லைசென்ஸில் வெஸ்பா செய்தது. 1972-ல் வந்த சேத்தக்கும் அதே ஜாடைதான்.

அவர் மனசு மட்டும் ஹெலிகாப்டரிலேயே இருந்தது. பியாஜியோவில் மேலும் சில ஹெலிகாப்டர்கள் செய்தார். ஒன்றும் உற்பத்திக்குப் போகவில்லை. எழுபது வயசுக்கு மேல் அகுஸ்தா கம்பெனியில் சேர்ந்து மறுபடி முயன்றார். 1981-ல் பீசாவில், 90-ஆம் வயதில் காலமானார். உலகம் அவரை ஸ்கூட்டர்காரராகவே நினைவு வைத்தது.

தம்பி தங்கைகளே, படித்தது ஒன்று, சோறு போடுவது வேறு என்பது எங்க செட்டில் பாதிப்பேர் கதை. நானும் அதில் ஒருவன். தஸ்கானியோ கிடைத்த வேலையைக் கடனே என்று செய்யவில்லை; வானத்துக்காகக் கற்றதையெல்லாம் தெருவில் ஓடும் வண்டிக்குள் கொண்டுவந்தார். கனவையும் கடைசிவரை விடவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் நினைத்த கம்பெனி கிடைக்காதவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.